காஞ்சிக்கு எதுக்குங்க காலண்டர்?

எந்தச் சமையல் குறிப்பைப் பார்த்தாலும் இதே வரிதான். "மூன்று நாட்கள் வெயிலில் வைக்கவும். காஞ்சி தயார்." எந்த ஊர் வெயில், எந்த மாசத்து வெயில்? ஒரு வார்த்தை கிடையாது. கிளம்புகிற ஊரைச் சொல்லாமல் "பஸ்ஸில் மூணு மணி நேரம்" என்று வழி சொல்வது மாதிரி. என்னைக் கேட்டால், வெப்பநிலை போடாத நாள் கணக்கை எல்லாக் குறிப்பிலிருந்தும் தூக்கிவிட வேண்டும்.

நம்ம ஊர் மக்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இது அரிசிக் கஞ்சியும் இல்லை, காஞ்சிபுரமும் இல்லை :-) டெல்லி, பஞ்சாப், உ.பி. பக்கம் குளிர்காலத்தில் வீட்டில் போடும் புளிப்புப் பானம். குளிர் வந்ததும் காய்கறி வண்டிகளில் கறுப்பு கேரட் தலைகாட்டும். காலி காஜர் என்பார்கள். வெட்டினால் கையெல்லாம் ஊதா. அதை விரல் நீளத்துக்கு நறுக்கி, தண்ணீர், உப்பு, இடித்த கடுகு, மிளகாய்த்தூள் சேர்த்து ஜாடியில் போட்டு, வாயில் துணி கட்டி வெயிலில் வைப்பார்கள். சில நாளில் ஒயின் நிறத்தில், கடுகுக் காரம் மூக்கில் ஏறும் பானம் ரெடி. ஹோலி சமயத்தில் பாசிப்பருப்பு வடையை அதில் ஊறப்போட்டால் காஞ்சி வடை. நம்ம தயிர்வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி.

இதில் நாம் எந்த உறையும் ஊற்றுவதில்லை. கேரட்டின் மேலேயே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாதான் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகிறது. 10 டிகிரி ஏறினால் அதன் வேகம் தோராயமாக இரட்டிப்பாகும், சில சமயம் அதற்கும் மேலே. டெல்லியில் ஜனவரி ராத்திரி 7, 8 டிகிரி. மூடுபனி பிடித்தால் பகலில்கூட சூரியனைப் பார்க்க முடியாது. மார்ச் நடுவில் பகல் 30ஐத் தொடும். அதே ஜாடி, அதே கேரட், ஜனவரியில் ஒரு வாரம் எடுக்கும், மார்ச்சில் ரெண்டு மூணு நாளில் முடிந்துவிடும். அப்புறம் "மூன்று நாள்" என்பது யாருடைய மூன்று நாள்?

ஒரு ஜாடி காஞ்சிக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். விஷயம் காஞ்சியோடு நிற்கவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் இங்கே தமிழ்க் குடும்பங்களில் நடக்கும் போன் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். "ராத்திரி கரைச்சு வெச்சா காலைல மாவு பொங்கி வழியணுமேம்மா. உளுந்தைச் சரியா ஆட்டலையா? சில பேர் கை அப்படித்தான்." புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? சென்னையில் ஜனவரி ராத்திரிகூட 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. இங்கே அதே மாவைக் கம்பளி சுற்றி வைத்தாலும் 18 மணி நேரம், சில நாள் 24 மணி நேரம் ஆகும். குற்றம் தெர்மாமீட்டரில் இருக்கிறது, பழி மருமகள் கையில் விழுகிறது. எட்டு மணி நேரம் என்பது ஒரு ஊரின் கணக்கு. அதை வேதமாக்கியதால் வரும் வினை இது.

எங்கள் பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆண்ட்டி நாற்பது வருஷமாகக் காஞ்சி போடுகிறார். எத்தனை நாள் ஆண்ட்டி என்றால், "ஜப் கட்டா ஹோ ஜாயே" என்பார். புளிச்சதும் எடு, அவ்வளவுதான். இது சயின்டிஃபிக்காக இல்லையே என்று ஆபீஸ் நண்பர்கள் சிரிக்கிறார்கள். எனக்கென்னவோ இதுதான் அசல் சயின்ஸ் என்று படுகிறது. அவர் கடிகாரத்தை அளக்கவில்லை, பண்டத்தையே அளக்கிறார்.

புதுசாகச் செய்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு எண் வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். "20 டிகிரியில் 4, 5 நாள் ஆகலாம், ரெண்டாம் நாளிலிருந்து காய்ந்த கரண்டியால் ருசி பார்" என்று கொடுங்கள். அது உருப்படியான எண்.

வேடிக்கை என்னவென்றால், கறாராக இருக்க வேண்டிய இடத்தில் நம் குறிப்புகள் கறாராக இல்லை. "உப்பு தேவைக்கேற்ப" என்று போட்டுவிடுகிறார்கள். அமிலம் ஏறும் வரைக்கும் வேண்டாத கிருமிகளை அடக்கி வைப்பது உப்புதான். ரெண்டு லிட்டர் தண்ணீர், அரை கிலோ கேரட்டுக்கு 40லிருந்து 50 கிராம் உப்பு. இதைத் தராசில் வைத்தே போடுங்கள். மற்றபடி பார்க்க வேண்டியவை:

- குமிழி வரும், நிறம் ஊதாவிலிருந்து சிவப்புக்கு மாறும். அமிலம் ஏறுகிறது என்று அர்த்தம்.
- சந்தேகம் இருந்தால் பிஹெச் தாள் வாங்கிக் கொள்ளுங்கள். 4.6க்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும். நல்ல காஞ்சி 4க்கும் கீழே போகும்.
- மேலே மெல்லிய வெள்ளை ஆடை வந்தால் எடுத்துப் போடலாம். பச்சை, கறுப்புப் பூஞ்சை வந்தால் ஜாடியோடு கொட்டிவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும்.
- வாயு வரும். மூடியை இறுக்க வேண்டாம்.
- ரெடியானதும் ஃப்ரிட்ஜில். புளிப்பு அங்கே மெதுவாகும், நிற்காது.

ஆபீஸ் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, கடையில விக்கிற ஆப்பிள் ஜூஸை இப்படி வெச்சா சைடர் ஆயிடுமா? எத்தனை நாள்?" அங்கேயும் அதே நாள் கணக்கு! லேபிளில் ஐஎன்எஸ் 202, 211 இருந்தால் அது சுலபத்தில் புளிக்காது. அவை இல்லாத ஜூஸில் ஈஸ்ட் போட்டால் 10 சதவீதச் சர்க்கரை 5 சதவீத ஆல்கஹால் ஆகும். சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இதைச் செய்பவர்கள் நம்புவது ஹைட்ரோமீட்டரை. 1.050 வாக்கில் தொடங்கும் அளவு 1.000 பக்கம் இறங்கி, சில நாள் அசையாமல் நின்றால்தான் பாட்டிலில் அடைப்பார்கள். "ரெண்டு வாரம் ஆச்சே" என்று முன்னாடியே அடைத்தால் கண்ணாடி வெடிக்கும். தவிர டெல்லியில் 2009 எக்சைஸ் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். தம்பி காஞ்சியே குடிக்கட்டும் :-)

குறிப்பு எழுதும் புண்ணியவான்களுக்கு ஒரே வேண்டுகோள். உப்பை கிராமில் எழுதுங்கள். நாளுக்குப் பக்கத்தில் டிகிரியையும் எழுதுங்கள். முடியாவிட்டால் ஆண்ட்டி மாதிரி "புளிக்கும் வரை" என்று விட்டுவிடுங்கள்.

பி.கு.: கறுப்பு கேரட் கிடைக்காத ஊரில் சாதா கேரட்டோடு ஒரு பீட்ரூட் போட்டால் போதும். எத்தனை நாள் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், உங்க ஊர் வெயிலைக் கேளுங்க.