கூறு போடுவோரும் கூறு எடுப்போரும்

கொழும்பு விளம்பர முகவர் நிலையம் ஒன்று என் மருமகனுக்கு அனுப்பியிருந்த விலைப்பட்டியலைக் கண்ட நேரம் முதல் என் மனம் ஒரு நிலையில் இல்லை என்பதை, ‘ஐயா மறுபடியும் தராசைப் பற்றித்தான் எழுதப் போகிறார்’ என்று முதல் வரியிலேயே ஊகித்துவிடும் பழைய வாசகர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுகிறேன். விடத்தல்தீவுக் கரைக்கு நண்டு எடுக்க வரும் கூலர் வண்டிக்காரரோடு ஐம்பது ரூபாய்க்காக அரைமணி நேரம் வாதாடி, காலொடிந்த நண்டையும் கழிக்க விடாமல் நிறுவையில் ஏற்றிவிடும் சாமர்த்தியமுடைய அந்தப் பிள்ளை, தன் பாரைக் கருவாட்டையும் நெத்தலியையும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள நம்மவர்க்கு விற்க எண்ணி முகநூல் விளம்பரத்துக்கு விலை கேட்டபோது, வந்த தொகையை, அதுவும் ஒரு வருடத்துக்கான முழுத் தொகையை, மறுபேச்சின்றிச் செலுத்தச் சித்தமாயிருந்தான். “அது கொம்பியூட்டர் போடுற விலை மாமா, அதில பேரம் பேச ஏலாது” என்பது அவன் சொன்ன சமாதானம்.

அதில் பாதி உண்மை உண்டு. முகநூலிடமும் கூகுளிடமும் முகம் பார்த்துப் பேசுவதற்கு ஒரு முதலாளி இல்லை. அங்கே நடப்பது ஏலம். 1998இல் கோட்டூ என்னும் அமெரிக்கத் தேடுதளம், கூடிய விலை கேட்டவருக்கே முன்னிடம் என்று தொடங்கிய அந்த ஏற்பாட்டை, 2002இல் கூகுள் நிறுவனம் திருத்தி, கேட்ட விலையோடு அவ்விளம்பரத்தை மக்கள் தொடுவதற்கான வாய்ப்பையும் பெருக்கிப் பார்த்து இடம் ஒதுக்கியது. முகநூலும் ஏறக்குறைய அந்த மார்க்கத்திலேயே செல்கிறது. ஆகையால் பார்ப்பவர் மனம் பற்றும் படமும் வாசகமும் உடையவன், குறைந்த விலை கேட்டும் நல்ல இடம் பெறுவான். இதற்கு மேல் கேட்கமாட்டேன் என்று ஓர் உச்ச வரம்பை அவனே குறித்துவிடவும் அங்கே வழியுண்டு. நத்தாருக்கு முந்திய வாரங்களில் உலகத்துப் பெருங்கம்பனிகளெல்லாம் ஏலத்தில் வந்து குவிவதால் ஏறும் விலை, தை பிறந்ததும் இறங்கிவிடும் என்பதையும் அறிந்து வைத்திருப்பது பிரயோசனமானது. முகவர் நிலையத்தின் கூலியோ ஏலமன்று, பேச்சுக்கு உட்பட்டது. நம் தமிழ்ச் செய்தித் தளங்களும் யூடியூப் காணொளிக்காரரும் நீட்டும் பட்டியல்களும் அப்படியே.

இவற்றையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் பட்டியலில் ஒரு வரி கண்ணில் பட்டது: ‘ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு’. பொருளைத் திறந்து பாராமல் ஆயிரம் ஆயிரமாக விலை கேட்பது இக்கரையார்க்குப் புதிதன்று. மன்னாருக்குத் தெற்கே, அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துச் சிப்பி விற்கப்பட்டதும் ஆயிரக்கணக்கிலேதான். வாய் மூடிய சிப்பிக்குள் ஆணிமுத்து இருக்கிறதா, வெறும் தசை இருக்கிறதா என்று விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார்.

என் மேசையை விட்டு அகலாத நூல் எதுவென்று இப்பத்தியின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, என்றாலும் சொல்கிறேன். லெனாட் வூல்ஃப் 1961இல் வெளியிட்ட ‘குரோயிங்’ என்னும் சுயசரிதத் தொகுதியில், யாழ்ப்பாணக் கச்சேரியின் இளம் உத்தியோகத்தராயிருந்த அவர் 1906இல் மறிச்சுக்கட்டிச் சிலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புக்கு, அனுப்பப்பட்ட காலத்தை எழுதியிருக்கும் பக்கங்களை, வேறு நூல் கைக்கு எட்டாத இரவுகளில் மாத்திரமல்ல, எட்டும் இரவுகளிலும் நான் புரட்டுவதுண்டு. வருடத்தின் பெரும்பகுதி ஆளரவமற்றுக் கிடக்கும் மணற்கரையில், சிலாபம் கூடிவிட்டால், தமிழரும் அரபிகளுமான குளியாளரும், கீழக்கரையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்த வியாபாரிகளும், தட்டாரும், கடைக்காரருமாகப் பல்லாயிரம் பேர் கொண்ட ஒரு பட்டினம் ஓலையாலும் கம்பாலும் எழும்பிவிடும். அழுகும் சிப்பியின் துர்க்கந்தம் அதன் மேல் கவிந்திருக்கும்.

அங்கே நடந்த பங்கீட்டைத்தான் நான் மருமகனுக்கு விஸ்தாரமாகச் சொன்னேன். பிற்பகலில் வள்ளங்கள் கரை சேர்ந்ததும், வேலியடைத்த பெரிய முற்றத்துக்குள் குளியாளர் தாம் எடுத்த சிப்பியைத் தாமே மூன்று சமகுவியலாகக் கூறு போடவேண்டும். எந்த இரண்டு அரசாங்கத்துக்கு என்பதை அங்கு நிற்கும் அதிகாரி தெரிந்தெடுப்பார். எஞ்சிய ஒன்று குளியாளருடையது. கூறு போடுபவன் கூறு எடுப்பதில்லை. ஒரு குவியலைச் சிறிதாக்கினால் அது தன் தலையிலேயே விழும் என்று அறிந்தவன் மூன்றையும் சமமாக்கித்தான் தீருவான். மேற்பார்வைக்கும் வேலையில்லை, பிரமாணத்துக்கும் வேலையில்லை. மூன்றில் இரண்டை அரசாங்கம் சுருட்டிக்கொண்டது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அநியாயத்துக்குள்ளே இருந்த பங்கீட்டு முறை, நான் அறிந்த எந்தத் தராசையும் விட நேர்மையானது.

மாலையில் அரசாங்கக் குவியல்கள் பகிரங்க ஏலத்துக்கு வரும். ஒருவர் ஆயிரத்துக்குக் கேட்ட விலை நிலைத்துவிட்டால், அவ்விலைக்கு அவர் வேண்டுமளவு ஆயிரங்களை எடுத்துக்கொள்ளலாம். அருகில் நிற்பவர் என்ன கொடுத்தார் என்பது எல்லோர் காதிலும் விழும். அதற்கும் முன்னே, சிலாபத்தை அறிவிக்கும் முன்பு, கடலடிச் சிப்பிப் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்தை, ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் பத்துப் பித்தளைத் தட்டுகளின் துளைகளால் சலித்துத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன பெறுமதி என்று மதிப்பிட்டுப் பிரசித்தம் செய்வார்கள். வியாபாரி கப்பலேறியது அந்த மதிப்பைப் படித்த பின்புதான்.

இப்போதைய ஏலத்திலோ விற்பவரும் அவரே, ஏலம் கூறுபவரும் அவரே, ஆயிரம் என்று எண்ணிக் காட்டுபவரும் அவரே. காணொளி விளம்பரங்களை மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்னும் கணக்கில், மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டதனால், ஏறத்தாழ இரண்டு வருட காலமாகக் கூட்டிக் காட்டி வந்ததை முகநூல் 2016இல் ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடுத்த விளம்பரதாரருக்கு 4 கோடி டொலர் கொடுத்து 2019இல் இணங்கிப் போயிற்று. சவர்க்காரமும் சவர அலகும் விற்கும் புரொக்டர் அண்ட் கேம்பிள் கம்பனி 2017இல் பேசிய பேரம் எனக்குப் பிடித்தமானது: வேறொருவர் எண்ணிச் சரிபார்க்க இடங்கொடாத தளத்துக்குப் பணமில்லை என்றார்கள், அவ்வருடத்தின் ஒரே காலாண்டில் 10 கோடி டொலருக்கு மேற்பட்ட இணைய விளம்பரத்தை நிறுத்தியும் பார்த்தார்கள், தம் வியாபாரம் அதனால் சுருங்கவில்லை என்றும் தெரிவித்தார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, இணையத்தளங்கள் தம் விளம்பர இடத்தை விற்க உதவும் கருவியையும் ஏலச் சந்தையையும் ஒருங்கே கையில் வைத்திருந்த கூகுள் அவற்றில் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது எனத் தீர்ப்பளித்தது.

கருவாட்டு வியாபாரிக்கு அந்தப் பெருங்கம்பனியின் தோள் இல்லைத்தான். எனினும் விளம்பரக் கணக்கு அவன் பெயரிலேயே திறக்கப்பட்டு, செலவு அவன் அட்டையிலிருந்து நேரே போய், முகவரின் கூலி தனியாக எழுதப்பட வேண்டும் என்று கேட்கலாம். முதல் மாதம் சிறு தொகையை மாதிரிச் சிப்பியாக இட்டுப் பார்க்கலாம். முகவர் காட்டும் ‘பார்வை’யை ஒதுக்கிவிட்டு, எத்தனை பேர் கருவாடு கேட்டு எழுதினார்கள் என்பதைத் தன் கொப்பியில் தானே எண்ணலாம். வருடம் முழுவதற்கும் சேர்த்து வாங்கினால் கழிவு உண்டு என்ற ஆசை வார்த்தையை மாத்திரம் அவனால் விட முடியவில்லை. ஆகவே குத்தகைக் கதையையும் சொல்ல நேர்ந்தது.

1903, 1904, 1905 என மூன்று வருடம் தொடர்ந்து சிலாபம் வாய்த்தது. கடைசி வருடத்தில் அரசாங்கத்துக்குச் சேர்ந்த வருமானம் ஏறக்குறைய 25 இலட்சம் ரூபாய். அதைக் கண்ட லண்டன் கனவான்கள், ‘சிலோன் கம்பனி ஒவ் பேர்ல் ஃபிஷர்ஸ்’ என்று ஒரு கம்பனியைக் கூட்டி, 1906இல் பார்கள் முழுவதையும் வருடம் 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய் வீதம் 20 வருடத்துக்குக் குத்தகை எடுத்தார்கள். ஒரு வருட வருமானத்தின் எட்டிலொரு பங்கு வாடகை என்று பார்த்தால், இதைவிட மலிவான கழிவு எவருக்கும் கிடைத்திராது. வெகுவிரைவில் பார்களில் சிப்பி அற்றுப்போயிற்று. பத்து வருடம் நிறையுமுன்னர் கம்பனியும் கலைந்தது. 1891க்கும் 1903க்கும் இடையில் ஒரு சிலாபமேனும் கூடவில்லை என்பதை, அரிப்புக் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த எந்தக் கிழவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். அதற்கு அவன் கூலியும் கேட்டிருக்கமாட்டான்.