மினுங்கும் அட்டையும் எழுதப்படாத கூலியும்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதங்கள் இருந்த ஒரு காலைப்பொழுதில், பாறசாலைக்கு அருகேயுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் நம் கிளைக்கு வந்தார். குடும்பஸ்ரீ அயல்கூட்டம் ஒன்றின் உறுப்பினர். துணிப்பையிலிருந்து பத்துப் பன்னிரண்டு வாழ்த்து அட்டைகளை எடுத்து மேசைமேல் பரப்பினார். ஒவ்வொன்றிலும் நட்சத்திரமோ குத்துவிளக்கோ பொன்னிறத்தில் புடைத்து நின்றது. ஓரங்களில் உலோகச் செதில்கள் மினுங்கின. உள்ளே ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் வாழ்த்து கையால் எழுதப்பட்டிருந்தது. தொழிலைப் பெருக்க ஐம்பதாயிரம் ரூபாய் கடன் வேண்டும் என்றார்.

அட்டையின் விலையைக் கேட்டோம். நாற்பது ரூபாய் என்றார். ஓர் அட்டை செய்ய எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் யாரு சார் பார்க்கிறா? வீட்டு வேலைக்கு இடையில செய்யதுதானே!"

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தப் பதில்தான். கைத்தொழில் செய்வோருக்குக் கடன் கிடைப்பதில்லை என்ற குறையை அடிக்கடி கேட்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், தம் கைக்கூலியைத் தாமே எழுதிக்கொள்ளாத கணக்கு அதைவிடப் பெரிய குறை என்பது நம் கருத்து. அந்தக் கணக்கின்மேல் எவ்வளவு கடன் கொடுத்தாலும் நட்டம்தான் பெருகும்.

வாழ்த்து அட்டையின் கதையே நேரத்தைப் பற்றிய கதை. 1843ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு கிறிஸ்துமஸ் அட்டை ஒன்றை வரையச் செய்து அச்சிட்டார். நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுத அவருக்கு நேரமில்லை. மிகுந்த அட்டைகள் ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. ஆக, அச்சிட்ட அட்டை நேரத்தை மிச்சப்படுத்தப் பிறந்தது. இன்று அந்த வேலையைக் கைப்பேசி இலவசமாகவே செய்துவிடுகிறது. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே கடை வாசல்களில் கயிறு கட்டி அட்டைகள் தொங்கிய காலத்தை நம் வயதினர் அறிவர். அந்தக் கயிறுகள் அவிழ்ந்து ஆண்டுகள் பலவாகின்றன.

இந்நிலையிலும் கையால் செய்த அட்டையை ஒருவர் விலை கொடுத்து வாங்குகிறார் என்றால், அவர் வாங்குவது என்ன? தாளும் பசையும் அல்ல. தமக்காக இன்னொருவர் செலவிட்ட நேரத்தையே வாங்குகிறார். விற்பனைப் பொருளே நேரம் என்றிருக்க, அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதவர் தம் சரக்கை இலவசமாகக் கொடுத்துவிட்டுத் தாளுக்கு மட்டும் காசு வாங்குகிறார்.

இந்த வேலையின் முறையைச் சற்றே அறிந்தால் நேரம் எங்கே செல்கிறது என்பது விளங்கும். எம்பாசிங் எனப்படும் புடைப்பு வேலையில் இரு வகை உண்டு. உருவம் வெட்டிய தகட்டைத் தாளின்கீழ் வைத்து, மொட்டை முனைக்கோலால் பின்புறமிருந்து அழுத்தி மேடாக்குவது ஒரு வகை. மற்றது வெப்பத்தால் ஆவது. மெதுவாக உலரும் மையில் முத்திரை பதித்து, அது ஈரமாக இருக்கும்போதே பொடியைத் தூவி, மிகுந்த பொடியைத் தட்டிவிட்டுச் சூடு காட்டினால், பொடி உருகிப் பளபளப்பான மேடாக நிற்கும். தலைமுடி உலர்த்தும் கருவி இதற்கு உதவாது. அதன் காற்று பொடியைப் பறக்கடிக்கும், சூடும் போதாது. இதற்கென்றே உள்ள ஹீட் கன் வேண்டும். உலோகச் செதில்களுக்கோ, முதலில் பசை தடவி, அது ஒட்டும் பதத்துக்கு வரும்வரை காத்திருந்து, செதில்களை இட்டு, மென்தூரிகையால் ஒதுக்கிவிட வேண்டும்.

மலிவு விலைச் செதில் பொன் அன்று. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகடு அது. நெய்யாற்றின்கரைப் பகுதியின் மழைக்கால ஈரத்திலும் விரல் வியர்வையிலும் கறுத்துப்போகும். மேலே வார்னிஷ் பூசினால்தான் நிறம் நிற்கும். தாளும் ஈரத்தில் வளையும். பத்து அட்டைகளில் ஒன்று வீணாவது இத்தொழிலில் இயல்பு. அந்த வீணும் கணக்கில் ஏற வேண்டும்.

அன்று விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு, அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தோம். இருபது அட்டைகள் செய்து முடிக்கும்வரை, ஒவ்வொரு படிக்கும் ஆகும் நிமிடத்தை ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்து வரச் சொன்னோம். இரண்டு வாரங்களில் குறித்து வந்தார்.

தடித்த தாள் 10 ரூபாய், உறை 5, செதிலும் பொடியும் 6, பசையும் நாடாவும் 3, மேலுறை 2. ஆகப் பொருட்செலவு 26 ரூபாய். நேரம் சராசரியாக 40 நிமிடங்கள். நாற்பது ரூபாய்க்கு விற்றால் 14 ரூபாய் இலாபம் என்று அதுவரை நினைத்திருந்தார். உண்மையில் அது இலாபமன்று. 40 நிமிட உழைப்புக்கான கூலி. மணிக்கு 21 ரூபாய். மணிக்கு 60 ரூபாய் என்று கூலியை வைத்தால் நேரத்துக்கு 40 ரூபாய் ஆகிறது. பொருட்செலவோடு 66. வீணாகும் அட்டையின் பங்கு ஏறத்தாழ 7. அடக்க விலையே 73 ரூபாய்! அந்தக் கூட்டலைப் பார்த்தபோது அவர் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷம் இப்படியா சார் வித்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்து, கூலியைக் குறைக்காமல் நேரத்தைக் குறைக்கும் வழியைப் பார்த்தோம். ஒவ்வோர் அட்டையாகச் செய்து முடிப்பதற்குப் பதில் பத்து அட்டைகளை வரிசையாக வைத்துச் செய்யலாம். மை உலர்ந்துவிடும் என்பதால் முத்திரையும் பொடியும் ஒவ்வொன்றாகத்தான் ஆக வேண்டும். ஆனால் பத்துக்கும் ஒருசேரச் சூடு காட்டலாம். பத்துக்கும் பசை தடவிவிட்டால், கடைசி அட்டைக்கு வருவதற்குள் முதல் அட்டையின் பசை பதமாகிவிடும். காத்திருப்பு மிச்சம்.

இந்த இடத்தில் நாம் ஒரு தவறான யோசனையும் சொன்னோம். அவருடைய குறிப்பில் இரு மொழிகளிலும் வாழ்த்து எழுதவே 12 நிமிடங்கள் ஆகியிருந்தன. அதை அச்சடித்து ஒட்டிவிடலாமே என்றோம். அவர் ஒப்பவில்லை. "அதுக்காகத்தான் சார் வாங்குதாங்க. கடையில தமிழ் அட்டை எங்க இருக்கு?" என்றார்.

அவர் சொன்னதே சரி. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு களியக்காவிளை அருகே செல்கிறது. உறவுகள் அதன் இருபுறமும் இருக்கின்றன. இங்கே தமிழ் பேசும் வீடுகளில் பல பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள். பாட்டிக்கு ஓர் எழுத்து, பேரனுக்கு வேறோர் எழுத்து. இருவரும் சேர்ந்து படிக்கத்தக்க வாழ்த்தை எந்த அச்சகமும் அவர்களுக்காக அடித்து வைப்பதில்லை. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்பதை அன்று நம்மைவிடத் தெளிவாக அறிந்திருந்தவர் அவர்தான்.

எழுத்துக்கு 12 நிமிடங்களை விட்டுவைத்து, மற்ற வேலையைப் பத்துப் பத்தாகச் செய்ததில் மொத்த நேரம் 25 நிமிடங்களுக்கு இறங்கியது. பொருள் 26, கூலி 25, வீணுக்கு 6. அடக்கம் 57 ரூபாய். 65 ரூபாய்க்கு விற்றால் 8 ரூபாய் மிஞ்சும். முறையான கூலிக்கு மேல் நிற்கும் அந்த எட்டு ரூபாய்தான் உண்மையான இலாபம்.

விலை ஏறினால் வாங்குவார்களா என்ற அச்சம் நியாயமானது. அதற்கு விடை இதே வட்டத்தில், பாலராமபுரத்தில் இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து சாலிய நெசவாளர்களை அழைத்து வந்து குடியமர்த்திய ஊர் அது. இன்றும் அவ்வூரின் கசவு வேட்டியை வாங்குவோர், விசைத்தறித் துணியின் விலையோடு அதை ஒப்பிடுவதில்லை. அசல் சரிகையா என்று கேட்பார்கள். கைத்தறியா என்று கேட்பார்கள். விடையைப் பொறுத்து விலை கொடுப்பார்கள். தஞ்சாவூர் ஓவியத்திலும் மேடெழுப்பிப் பொன் தகடு ஒட்டும் வேலைக்குத் தனி மதிப்பு உண்டு. அட்டை செய்வோரும் அவ்வாறே உள்ளதைச் சொல்லி விற்கட்டும். இது பித்தளைச் செதில், இது கையெழுத்து, இதற்கு இத்தனை நிமிடங்கள் என்று அட்டையின் பின்புறத்தில் எழுதட்டும். உண்மை எழுதிய அட்டைக்கு வாங்குவோர் இருப்பார்கள் என்று நம்புகிறோம்.

இனி கடனுக்கு வருவோம். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ஐம்பதாயிரம் ரூபாய் வரை ஈடின்றிக் கடன் பெறலாம். ஆயினும் கிடைக்கும் என்பதற்காக முழுத் தொகையையும் வாங்கக் கூடாது. வாழ்த்து அட்டைக்கு ஓணம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று பருவங்கள் உண்டு. தாளும் செதிலும் வாங்குவது முன்னே. காசு வருவது பின்னே. மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டும் தவணைக் கடன் பருவம் தவறிய மாதங்களில் கழுத்தை நெரிக்கும். கருவிக்கு மட்டும் சிறு தவணைக் கடனும், சரக்கு வாங்க நடைமுறை மூலதன வரம்பும் பொருத்தமானவை. வரம்பில் எடுத்த தொகைக்கு, எடுத்திருந்த நாட்களுக்கு மட்டுமே வட்டி. அந்த வாடிக்கையாளர் இறுதியில் கேட்டது முதலில் சொன்னதில் பாதிக்கும் குறைவு. கேட்டது கிடைத்தது.

வணிகவியல் படித்த நாம் இதில் ஒரு பெரியவரை நினைத்துக்கொள்கிறோம். தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றவர். காந்தியடிகளோடு இணைந்து 1934இல் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை உருவாக்கி நடத்தியவர். கைக்காகிதத் தொழிலுக்கான தேசிய நிறுவனம் ஜெய்ப்பூருக்கு அருகே சாங்கானேரில் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கிராமத் தொழிலுக்குப் பாடுபட்டவர் ஒரு கணக்காயர் என்பது தற்செயலன்று. கணக்கு இல்லாத இடத்தில்தான் உழைப்பவரின் கூலி காணாமற்போகிறது.

கைத்தொழில் செய்யும் வாடிக்கையாளர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றுதான். கடன் விண்ணப்பத்துக்கு முன் நிமிடங்களை எழுதிய நோட்டுப்புத்தகத்தோடு வாருங்கள். "வீட்டு வேலைக்கு இடையில்" செய்வதும் வேலையே.

வாங்கும் வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பண்டிகைக்குக் கையால் செய்த அட்டை ஒன்றை எடுத்து, "இந்தத் தாளுக்கா இவ்வளவு?" என்று கேட்கத் தோன்றும்போது ஒரு கணம் நிதானியுங்கள். அந்த விலையில் பாதி தாளுக்கன்று. ஒரு பெண்ணின் இருபத்தைந்து நிமிடங்களுக்கு. அதைப் பேரம் பேசாமல் கொடுப்போம்.