பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்!



நாற்பது முடிந்துவிட்டது. பிள்ளை பார்க்க வந்தவர்களும் போய்விட்டார்கள். காலையில் கடைக்குப் போகும் கணவர் இரவில்தான் திரும்புகிறார். பிள்ளை ஏன் இப்படி அழுகிறது என்று கேட்கப் பக்கத்தில் ஆளில்லை. உங்கள் வீட்டு நிலையும் இதுதானா?

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் முன்பெல்லாம் பிள்ளை வீரிட்டால் அடுத்த வீட்டு மாமி வந்துவிடுவார். 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றியபோது, வீடு வாசலோடு அந்த அயலும் சிதறிப்போனது. பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். 2002 போர்நிறுத்தத்தின் பின்பும், 2009இல் போர் முடிந்த பின்பும் ஒரு பகுதியினர் திரும்பினர். ஆனால் உம்மா புத்தளத்தில், மகள் யாழ்ப்பாணத்தில் என்று பிரிந்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. தொலைபேசியில் உம்மாவின் குரல் கேட்கும். பிள்ளையைச் சற்று வாங்கி வைத்திருக்க அவர் கை எட்டாது.

அயல் தானாகத் திரும்பி வராது. நாம்தான் அதைக் கூட்ட வேண்டும்.

வழி எளிது. 2, 4, 6, 9 மாதங்களில் தடுப்பூசிக்காகக் கிளினிக்கிற்குப் போகிறோம். வாங்கில் பக்கத்தில் இருக்கும் தாயும் உங்களைப் போலத் தூக்கமில்லாமல்தான் வந்திருப்பார். "சனிக்கிழமை அஸருக்குப் பிறகு சுப்பிரமணியம் பூங்காவுக்கு வாறீங்களா?" என்று கேளுங்கள். தொடங்க இரண்டு பேர் போதும்.

கிழமைக்கு ஒரு நாள், ஒரே நேரம். ஒரு பாய், தண்ணீர்ப் போத்தல், மாற்றுத் துணி. பலகாரம் வேண்டாம், செலவு வந்தால் வசதி குறைந்தவர் அடுத்த கிழமை வரத் தயங்குவார். மாரி காலத்தில் டெங்கு நுளம்பைக் கவனித்து, பிள்ளைக்குக் கை கால் மூடிய உடுப்புப் போடுங்கள். மழையென்றால் ஒருவர் வீட்டு விறாந்தை இருக்கிறது. மஃரிபுக்கு முன் வீடு திரும்பிவிடலாம்.

பக்கத்தில் தமிழ்த் தாய் ஒருவர் பிள்ளையோடு இருந்தால் அவரையும் அழையுங்கள். பல் முளைக்கும்போது எல்லா வீட்டிலும் இரவில் தூக்கமில்லைதானே!

"என் பிள்ளை புரண்டுவிட்டது, உங்கள் பிள்ளை இன்னும் இல்லையா?" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். வளர்ச்சியில் ஐயமிருந்தால் குடும்பநல மாதுவிடம் கேட்பதே முறை. பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதையும் ஒருவருக்கொருவர் நினைவூட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. கூட்டத்தில் பேசாமல் இருப்பவரைக் கவனியுங்கள். இரண்டு கிழமைக்கு மேலாக மனம் சோர்ந்து, காரணமின்றி அழுது, பிள்ளையிலும் நாட்டமில்லாமல் இருந்தால் அது அவருடைய குறையல்ல. பிள்ளைப்பேற்றின் பின் வரக்கூடிய நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. "உனக்கென்ன குறை?" என்று கேட்காமல், கூடவே டாக்டரிடம் போங்கள்.

சகோதரியே, யாராவது அழைக்கட்டும் என்று காத்திருக்கிறீர்களா? அவரும் அப்படித்தான் காத்திருக்கிறார். இந்தக் கிழமை எந்த வீட்டுக் கதவைத் தட்டப் போகிறீர்கள்?