எச்சரிக்கை யாருக்கு?

மின்மாற்றிக் கம்பத்தில் ‘அபாயம்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அது மின் ஊழியருக்காக மட்டும் மாட்டப்பட்டதன்று. அவ்வழியே செல்லும் அனைவருக்கும் உரியது. மருந்து பற்றிய எச்சரிக்கைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். சின்னம்மையோ புளூ காய்ச்சலோ கண்ட குழந்தைகளுக்கு இதைக் கொடுப்பதற்கும், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய்க்கும் தொடர்பு இருப்பது 1980 வாக்கில் அமெரிக்காவில் தெரியவந்தது. மருத்துவர்களும் பெற்றோரும் ஒருசேர எச்சரிக்கப்பட்டனர். 1986-இல் மருந்தின் லேபிளிலும் எச்சரிக்கை கட்டாயமாயிற்று. விளைவு என்ன? 1980-இல் 555 பேரிடம் பதிவான அந்நோய், 1994 முதல் 1997 வரை ஆண்டுக்கு இருவருக்கு மேல் காணப்படவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். சளிக்குத் தரப்படும் குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் கலவையை நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர் மாநிலங்களுக்கு எழுதினார். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், இக்கலவை அடங்கிய ‘கோல்ட்ரிஃப்’ மருந்தைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதுபட்டு இறந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அம்மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு இருந்தது. 2023-ஆம் ஆண்டின் எச்சரிக்கை அந்த நச்சைப் பற்றியதன்று. ஆயினும் அது பின்பற்றப்பட்டிருந்தால், இறந்தவர்களுள் நான்கு வயது நிரம்பாதோருக்கு அந்தப் புட்டி கொடுக்கப்பட்டே இராது அல்லவா?

நிலைமம் பற்றிப் படித்திருக்கிறீர்கள். பழக்கத்துக்கும் நிலைமம் உண்டு. பல்லாண்டுகளாக ஒரே மருந்தை எழுதிவந்த கை, ஒரு சுற்றறிக்கையால் சட்டென்று மாறிவிடாது. வெளியிலிருந்து விசை வேண்டும். நோயாளியின் கேள்வியே அந்த விசை.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, சின்னசேலத்தில் மருந்து வாங்கும் தாய் அக்கேள்வியைக் கேட்க வேண்டுமானால், வயது வரம்பு தமிழில், பெரிய எழுத்தில் புட்டியின்மேல் இருக்க வேண்டும். பொடி ஆங்கில எழுத்து அவளுக்கு என்ன சொல்லும்? மருத்துவரைக் கேள்வி கேட்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நல்ல மருத்துவர் சுளிக்கமாட்டார்.

மாணவர்களே! தம்பி தங்கையருக்கு மருந்து வாங்கும்போது, “இது இந்த வயதுக்கு ஏற்றதா?” என்று பணிவுடன் கேளுங்கள். மருந்தினால் தீங்கு நேர்ந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பின்னர் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் பெரியவர்களைக் கொண்டு தெரிவியுங்கள். இத்தகைய தகவல்கள் பல சேர்ந்தே நாளைய எச்சரிக்கை பிறக்கிறது.