குடம் தூக்கலாம், ஓடக் கூடாதா?

"ஏட்டி, புள்ள பெத்தவ ஓடுனா கர்ப்பப்பை எறங்கிரும்லா?"

நான் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது என் மாமியார் கேட்டது இது. அக்கறையில்தான் கேட்டார். ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் குழாயில் தண்ணீர் வந்து, ஆறு குடம் பிடித்து, இரும்பு ஏணி வழியாக ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றியிருந்தேன். அப்போது என் கர்ப்பப்பையைப் பற்றி யாருக்கும் கவலை வரவில்லை. மும்பை தாராவியில் எந்த வீட்டிலும் வந்து நான் பார்த்ததில்லை.

இதே பேச்சு மாட்டுங்காவில் "முட்டி தேஞ்சுடும்டி" என்று வரும். செம்பூரில் கைக்குழந்தைக்காரியிடம் "பால் கெட்டுப்போகும்" என்பார்கள். எல்லாம் சுற்றி வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: பிள்ளை பெற்ற உடம்பு ஓட்டத்துக்கு ஆகாது. இதை நான் மறுக்கிறேன், ஒவ்வொன்றாக.

கர்ப்பப்பையிலிருந்தே தொடங்குவோம். இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். அவர்களால் அது தாங்காது என்று முடிவுகட்டி, 1960 வரை அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் ஓடிக்கொண்டிருந்தபோது, போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அவர் எண் அட்டையைப் பிடுங்கப் பார்த்தார். அவர் காலத்துப் பெண்களுக்கும் கர்ப்பப்பை விழுந்துவிடும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984-ல்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஃபேனி பிளாங்கர்ஸ்-கோயன் அப்போது முப்பது வயதுக்காரர், இரண்டு பிள்ளைகளின் தாய். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கச் சொல்லி அவருக்கும் புத்தி சொன்னவர்கள் உண்டு.

கர்ப்பப்பை இறங்குவது உண்மையான நோய். அதைத் தாங்கிப் பிடிப்பவை இடுப்புக்குழியின் அடித்தளத் தசைகளும் தசைநார்களும். பிரசவத்தில் அவை இழுபட்டுத் தளர்கின்றன. அடுத்தடுத்த பிரசவம், தீராத இருமல், நாள்பட்ட மலச்சிக்கல், மாதவிடாய் நின்றபின் வரும் ஹார்மோன் குறைவு, திரும்பத் திரும்பப் பாரம் தூக்குவது, இவையெல்லாம் இன்னும் தளர்த்துகின்றன. பாரம் தூக்குவது என்றால் நம் வீட்டில் என்ன? குடம்தான். கர்ப்பப்பைமேல் அவ்வளவு அக்கறை இருக்கிற வீடு முதலில் அந்தக் குடத்தையல்லவா வாங்கி வைக்க வேண்டும்?

அத்தை சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிரசவமான சூட்டோடு ஓடக் கூடாது. பிரித்தானிய இயன்முறை மருத்துவர்கள் மூவர் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறைந்தது மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறது. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், நடையும் தசைப் பயிற்சியும் முடித்து, உடம்பைச் சோதித்துப் பார்த்துத்தான் ஓட்டம். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம். அடிவயிற்றில் ஏதோ கீழே இழுப்பதுபோல் கனம், இரத்தக்கசிவு, சிறுநீர் கசிவு, இதில் எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

சிறுநீர் கசிவைப் பற்றி அக்கா தங்கையிடம்கூட நாம் பேசுவதில்லை, அதனால் இங்கே பேசுகிறேன். முதல் வாரம் ஓடியபோது எனக்குக் கசிந்தது. அத்தை சொன்னதுதான் சரி என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் ஷூவைப் பரணில் போட்டுவிட்டேன். தும்மினாலும் சிரித்தாலும் எத்தனையோ தாய்மார்களுக்கு இப்படி ஆகிறது என்பதும், அது தசையின் பலவீனம் என்பதும், தசைக்குப் பயிற்சி உண்டு என்பதும் ஒரு இயன்முறை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்துப் பிடித்து, பிறகு முழுதாக விடுவது. உலை கொதிக்கும்வரை நின்ற இடத்திலேயே செய்யலாம். மூன்று மாதம் விடாமல் செய்தேன், நின்றது. என்னைப் போல் பரணில் ஷூ போட்ட பெண்கள் எத்தனை பேரோ. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

முட்டிக்கு வருவோம். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று 2017-ல் வந்தது. உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் 3.5 விழுக்காடு. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2. பந்தய வீரர்களில் 13.3. முட்டி வலி வந்தவர்கள் முன்பே ஓட்டத்தை விட்டிருக்கலாம், அதனால் ஓட்டம் முட்டியைக் காக்கிறது என்று இதை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். வாரம் மூன்று நாள் மெதுவாக ஓடினால் முட்டி தேயும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை, அவ்வளவுதான்.

பால் கெடாது. 1994-ல் அமெரிக்காவில், பாலூட்டும் தாய்மார்களை நாளுக்கு 45 நிமிடம், வாரம் ஐந்து நாள், 12 வாரம் உடற்பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள். பாலின் அளவும் மாறவில்லை, சத்தும் மாறவில்லை. குழந்தைகளின் எடையும் ஒழுங்காகவே ஏறியது. பால் கொடுத்துவிட்டு ஓடப் போனால் மார்பு கனக்காது. ஷூவுக்கு முன்னால் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா வாங்குங்கள்.

"வீட்டு வேலையே போதாதா?" என்பது அடுத்தது. வீட்டு வேலை, வேலைக்குப் போகும் நடை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் கணக்குப் போடுகிறது. அப்படிப் போட்டும் 2022-ல் இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குப் போதிய உடல் உழைப்பு இல்லை. ஆண்களில் அது 42. வீட்டு வேலை இடுப்பை ஒடிக்கும், இதயத்துக்குப் போதாது.

"இந்த வயசுல என்னத்துக்கு?" என்பவர்கள் பாராமதி லதா கரேயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். 2013-ல், அறுபதைக் கடந்த அந்தக் கூலித் தொழிலாளி, கணவரின் ஸ்கேன் செலவுக்காக ஒன்பது கஜம் புடவையில், வெறுங்காலோடு, மூன்று கிலோமீட்டர் பந்தயத்தில் ஓடி முதலாவதாக வந்தார். மராத்தியில் அவர் பெயரிலேயே படமும் வந்தது. ஊரே கொண்டாடியது, நானும் கண்கலங்கினேன். ஆனால் ஒரு கேள்வி எனக்குள் அடங்கவே இல்லை. புருஷனுக்காக ஓடியபோது அறுபது வயதும் தடையாக இல்லை, புடவையும் தடையாக இல்லை. தனக்காக ஓடுகிறேன் என்று அதே பெண் சொல்லியிருந்தால், நாம் கைதட்டியிருப்போமா?

காற்றைப் பற்றிச் சொல்பவர்களிடம் எனக்கு வாதமில்லை. சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் உரத் தொழிற்சாலைக்கும் பக்கத்தில் இருக்கிற செம்பூரில், குளிர்காலப் புகைமூட்டத்தில் ஓடாதீர்கள். அன்றைக்கு ஓய்வு. மற்ற நாளில் பெரிய சாலையை விட்டு விலகி ஓடுங்கள். லேபர் கேம்ப் பக்கம் இருப்பவர்கள் ரயில் பாலம் ஏறி இறங்கி மாட்டுங்கா கிழக்குக்கு வந்தால் ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது. மரநிழல் உண்டு. காலையில் நடக்க வரும் பெண்களும் நிறைய, அதனால் தனியாக இருக்கிற பயமில்லை.

எப்படித் தொடங்குவது? 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஓடியே பழகாதவர்களுக்காக ஒன்பது வாரத் திட்டம் ஒன்று எழுதினார். இன்று உலகமெங்கும் பின்பற்றப்படும் அதை அவர் எழுதியது ஐம்பது வயதைக் கடந்த தன் அம்மாவை மனதில் வைத்து. முதல் வாரம் மூன்று நாள். ஐந்து நிமிடம் வேக நடை. பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி எட்டு முறை. பக்கத்தில் வருகிறவளோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். பேச்சு தடைப்பட்டால் வேகத்தைக் குறையுங்கள். இரண்டாம் வாரம் 90 விநாடி ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. கடினமாக இருந்தால் முதல் வாரத்தையே இன்னொரு முறை ஓடுங்கள். நான் மூன்று முறை ஓடினேன்.