செப்புத் தகடும் வாக்காளர் தீர்ப்பும்

வாதத்தால் வெல்ல இயலாதவன் எதிரியின் முகத்தைப் பழிக்கத் தொடங்குகிறான். அரசியலில் இது பழைய தந்திரம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே இதற்குச் செப்புத் தகடு கருவியாயிற்று. தகட்டிற் செதுக்கி, மையிட்டு, அச்சில் எடுத்த உருவப்படத்தை ஒரு சிலிங்குக்கு வாங்கலாம். எழுத்தறியாதவனும் கடைச் சாளரத்தில் அதனைக் கண்டு பொருள் கொள்வான்.

1763இல் நிகழ்ந்தது இது. பாராளுமன்ற உறுப்பினர் யோன் வில்க்ஸ், தமது 'நோர்த் பிரிட்டன்' இதழின் 45ஆம் இலக்கத்தில், மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் வாசித்த உரையைக் கண்டித்தார். அது அமைச்சர்களின் உரையே என்பது அவர் வாதம். அரசாங்கமோ, எவர் பெயருங் குறியாத பொதுப் பிடியாணையைக் கொண்டு, அச்சகத் தொழிலாளர் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. வில்க்ஸ் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். மே 6ஆம் நாள், பிரதம நீதியரசர் பிராட், உறுப்பினர்க்குரிய சிறப்புரிமையின்படி அவரை விடுவித்தார்.

மன்றிலே தோற்ற தரப்புக்குத் துணையாக வந்தவர் ஓவியர் ஹோகார்த். மன்னரின் ஓவியராகப் பதவி வகித்த இவர், முன்னாண்டில் அமைச்சரவையை ஆதரித்து வெளியிட்ட படத்தை, வில்க்ஸ் 17ஆம் இலக்கத்திலே தாக்கியிருந்தார். நீதிமன்றத்தில் நின்ற வில்க்ஸை அங்கேயே வரைந்துகொண்ட ஹோகார்த், அம்மாதம் 16ஆம் நாள் படத்தை வெளியிட்டார். மாறுகண்; இளிப்பு; கொம்புபோல் எழுந்த பொய்ம்மயிர்; கோல் நுனியிற் 'சுதந்திரம்' என்றெழுதிய தொப்பி; அருகே 17, 45 என்னும் இரு இலக்கங்கள்! 1747இல் இராசத்துரோகத்துக்காகச் சிரச்சேதமுற்ற லொவாற் பிரபுவின் படத்தையும் முன்னர் வரைந்தவர் இவரே. புதிய படத்தை அதனோடு சேர்த்தே விளம்பரம் செய்தார். குறிப்பு எவருக்கும் விளங்கும்.

படம் ஆயிரக்கணக்கில் விற்பனையாயிற்று. ஆனால் விளைவு வேறாயிற்று. அதே உருவத்தை ஆதரவாளர் கிண்ணங்களிற் பொறித்துக் கொண்டாடினர். அப்படத்தைத் தாம் நாளுக்குநாள் ஒத்து வருவதாக வில்க்ஸே நகைத்தார் என்பர்.

1768இல் மிடில்செக்ஸ் தொகுதி மக்கள் அவரைத் தெரிந்தனர். 1769இல் சபை அவரை வெளியேற்றியது. மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே அனுப்பினர். இறுதியில், 1,143 வாக்குப் பெற்றவரைத் தள்ளி, 296 வாக்குப் பெற்ற லட்ரெலைச் சபை ஆசனத்தில் அமர்த்தியது! அத்தீர்மானம் 1782இலேதான் ஏட்டினின்றும் நீக்கப்பட்டது. பொதுப் பிடியாணைகளைச் சபை 1766இலேயே கண்டித்திருந்தது.

வில்க்ஸ் குணக்குன்றல்லர், அவர் ஒழுக்கத்திற் குறை பலவுண்டு. கண்ணும் மாறுகண்ணே. அவ்வளவில் ஓவியர் பொய்யுரைக்கவில்லை. ஆயினும் ஒருவன் கண் கோணியதால் அவன் கேட்கும் நியாயமும் கோணிவிடுமா? பெயரில்லாப் பிடியாணை தவறா, தொகுதிக்குப் பிரதிநிதியைத் தெரிபவர் மக்களா சபையா என்பனவே அன்றைய வினாக்கள். அவற்றுக்குச் செப்புத் தகட்டில் விடையில்லை.

இகழும் படத்துக்குக் கூறியது புகழும் படத்துக்கும் பொருந்தும். கிண்ணத்தில் முகத்தைப் பொறித்துக் கொண்டாடியவன், முகத்துக்காகவே வாக்களித்திருந்தால், அவனும் ஏமாந்தவனே. நெல் வாங்குவோன் சாக்கின் அழகை நோக்கி விலை பேசுவதில்லை. ஒரு பிடி அள்ளி, ஊதி, மணியெது பதரெது எனக் காண்கிறான். வழக்கறிஞரும் சான்றின் எடையையே நோக்குகிறார். தலைவர்களின் படங்கள் நம் முன் நீட்டப்படும்போதும் நாம் செய்யவேண்டியது அதுவே. முகத்தை ஒரு கணம் பாருங்கள். பின் அவர் கேட்கும் உரிமை நியாயமா என்று நெடுநேரம் பாருங்கள்.