மாணவர் குரல் கேட்க நீதிமன்றம் வரை போக வேண்டுமா?

2023ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் கோத்தா கினாபாலு உயர் நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பை இந்நாட்டில் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். சபா மாநிலம் கோத்தா பெலுட்டில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் படித்த சித்தி நஃபிரா சிமான் என்ற முன்னாள் மாணவி தொடுத்த வழக்கு அது. 2015இல் அவர் நான்காம் படிவத்தில் இருந்தபோது ஆங்கில ஆசிரியர் ஏறக்குறைய ஏழு மாதங்கள் வகுப்புக்கு வரவில்லை என்பதே வழக்கின் சாரம்.

அவர் ஆசிரியர் மீது மட்டும் வழக்குத் தொடுக்கவில்லை. பள்ளி முதல்வர், மாநிலக் கல்வி இயக்குநர், கல்வித் தலைமை இயக்குநர், கல்வி அமைச்சர், அரசாங்கம் எனப் பிரதிவாதிகளின் பட்டியல் மேலே நீண்டது. அம்மாணவிக்கு ஆங்கிலப் பாடம் கற்பிக்கப்படுவதை உறுதிசெய்யாததால் 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்படியான கடமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் கூறியது. கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது, 12ஆவது பிரிவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது கல்வி பெறும் அவரது உரிமையும் மீறப்பட்டது என்றும் அறிவித்து, 150,000 ரிங்கிட் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

பலரும் அந்தத் தொகையைப் பற்றித்தான் பேசினார்கள். நாம் கவனிக்க வேண்டியது காலத்தை. பாடம் போனது 2015இல். வழக்குப் பதிவானது 2018இல். தீர்ப்பு வந்தது 2023இல். நான்காம் படிவ மாணவருக்கு எஸ்பிஎம் தேர்வுக்கு இருக்கும் அவகாசம் இரண்டே ஆண்டுகள். நீதி வந்து சேர எட்டு ஆண்டுகள். அதற்குள் அவர் பள்ளியை விட்டே போய்விட்டார். அதே பள்ளியில் படித்த மேலும் மூவரும் பின்னர் வழக்குத் தொடுத்தனர். அவர்களும் முன்னாள் மாணவிகளே. பள்ளிச் சீருடையில் இருக்கும்போது கேட்க முடியாததை, அதைக் கழற்றிய பிறகுதான் கேட்க முடிந்தது.

முதலில் அறிபவர் யார்?

ஓர் ஆசிரியர் ஒரு நாள் வராவிட்டால் அது அலுவலகத்திற்குத் தெரியாமல் போகலாம். மாதக்கணக்கில் வராவிட்டால் அது இரகசியமே அல்ல. வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். வகுப்புத் தலைவர் பாடத்துக்குப் பாடம் தூக்கிச் செல்லும் வகுப்புக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். வரும் ஆசிரியர் அதில் கையெழுத்திடுகிறார். பதிவேட்டைச் சுமப்பவர் மாணவர். ஆனால், அதில் ஒரு வரி எழுத அவருக்கு இடமில்லை. நம் பள்ளிகளில் மாணவர் குரலின் நிலையும் ஏறக்குறைய இதுதான். நடப்பதை முதலில் அறிபவரிடம் கடைசியாகத்தான் கேட்கிறார்கள்.

2021 ஏப்ரலில் சிலாங்கூரைச் சேர்ந்த 17 வயது மாணவி ஐன் ஹுஸ்னிசா வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தார். வகுப்பில் ஆசிரியர் ஒருவர் பாலியல் வன்கொடுமையை நகைச்சுவையாகப் பேசினார் என்று டிக் டாக் காணொளியில் குற்றம் சாட்டினார். பள்ளியைப் பாதுகாப்பான இடமாக்குவோம் என்ற இயக்கம் அதிலிருந்து பிறந்தது. மாதவிடாயை உறுதிசெய்யத் தங்களைச் சோதித்த கதைகளையும் பல பெண்கள் அப்போதுதான் வெளியே சொன்னார்கள். அவர்களில் பலர் பள்ளிப் படிப்பை முடித்து வெகு காலம் ஆனவர்கள். ஐனுக்கோ ஆதரவோடு மிரட்டல்களும் வந்தன. அந்த விவகாரமும் பின்னர் நீதிமன்றப் படியேறியது.

ஒருவர் நீதிமன்றத்தை நாடினார். இன்னொருவர் கைபேசியை நாடினார். இரண்டுமே துணிச்சலான செயல்கள்தாம். ஆனால், ஒரு மாணவர் நியாயம் கேட்க இவ்வளவு துணிச்சல் தேவைப்படுகிறது என்றால், குறை எங்கே இருக்கிறது?

சட்டத்தில் பெற்றோருக்கு ஓர் எண் உண்டு

தமிழ் மாணவர்களான நமக்கு இது தூரத்துச் செய்தி அன்று. தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு எப்படித் தொடங்குகிறது? குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருந்தால், மாணவரின் சொந்த மொழியைக் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது கல்விச் சட்டம். நல்ல விதிதான். அதன் பலனை அனுபவித்தவர்கள் நம்மில் பலர்.

ஆயினும் அதைச் சற்று உற்றுப் பாருங்கள். பெற்றோர் குரலுக்குச் சட்டம் ஓர் எண்ணே கொடுத்திருக்கிறது. 15 பேர் கேட்டால் பள்ளி பதில் சொல்லியாக வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்ற அமைப்பும் அவர்களுக்கு உண்டு. மாணவர்களுக்கு அப்படி எந்த எண்ணும் இல்லை. எஸ்பிஎம்மில் தமிழ் இலக்கியம் எடுக்க விரும்பும் 20 பேர் ஒரே வகுப்பில் இருந்தாலும், அவர்கள் கேட்பது விண்ணப்பமாகாது. வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வந்தால்தான் விண்ணப்பம். தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ ஷிப்டு வேலை செய்யும் பெற்றோர் அந்தப் பாரத்தை நிரப்பிப் பள்ளிக்கு அலைய முடியாவிட்டால், பிள்ளையின் விருப்பம் அங்கேயே நின்றுவிடுகிறது.

மாணவர் தலைவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். அவர்களைப் பள்ளி நிர்வாகம் நியமிப்பதே வழக்கம். பள்ளியின் கட்டளையை மாணவரிடம் கொண்டு சேர்ப்பது அவர்கள் பணி. மாணவரின் மனக்குறையைப் பள்ளியிடம் கொண்டு சேர்க்கும் ஆள் அங்கே இல்லை.

இன்னொரு முரணும் உண்டு. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த அரசியலமைப்புத் திருத்தம் 2021 டிசம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. ஆறாம் படிவ மாணவர் இன்று நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம். தம் பள்ளிக் கழிப்பறைக்குக் கதவு இல்லை என்று யாரிடம் சொல்வது என்பதுதான் அவருக்குத் தெரியாது. மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்ட ஐநா சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தம்மைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துரைக்கும் உரிமையைப் பிள்ளைகளுக்கு அளிக்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. யூபிஎஸ்ஆர் 2021இலும் பிடி3 2022இலும் அகற்றப்பட்டபோது அமைச்சர்கள் பேசினார்கள், ஆசிரியர் சங்கங்கள் பேசின, பெற்றோர் பேசினார்கள். அந்தத் தேர்வை எழுதவிருந்தவரின் குரல் எத்தனை இடங்களில் கேட்டது?

ஆசிரியர்களின் அச்சம்

மாணவரைப் பேசவிட்டால் பழிவாங்கும் புகார்கள் பெருகும், ஒழுங்கு கெடும் என்று ஆசிரியர்கள் அஞ்சுவதில் நியாயம் இல்லாமலில்லை. பாடமும் கற்பித்து, பாரங்களையும் நிரப்பி, போட்டிகளுக்கும் பயிற்சி கொடுத்து, நமக்காக மாலை வரை பள்ளியில் இருக்கும் ஆசிரியர்களே மிகப் பலர். கண்டிப்பான ஆசிரியரைப் பிடிக்காத மாணவர் கதை கட்டவும் கூடும்.

ஆனால், முறையான வழி இல்லாததால்தான் அந்த ஆபத்து அதிகம். பள்ளிக்குள் சொல்ல இடமிருந்தால் ஆசிரியர் தம் பக்கத்தைச் சொல்லலாம், பதிவேட்டைப் பார்க்கலாம், பொய்யை அங்கேயே களையலாம். காணொளி பரவிவிட்டால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். நல்ல ஆசிரியருக்கும் அது பாதுகாப்பன்று.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். முதலாவது, ஆசிரியர் வராத பாடவேளையை வகுப்புத் தலைவர் பதிவேட்டிலேயே குறிக்கட்டும். மாத இறுதியில் அந்தக் கணக்கு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பார்வைக்கும் போகட்டும். இரண்டாவது, நான்காம் படிவம் முதல் மாணவர்களே தேர்ந்தெடுக்கும் இரு பிரதிநிதிகள் அச்சங்கக் கூட்டத்தில் அமரட்டும். மூன்றாவது, பெற்றோருக்கு உள்ள 15 என்ற எண்ணை மாணவருக்கும் கொடுக்கலாம்: 15 மாணவர்கள் கையெழுத்திட்ட கடிதத்திற்கு 14 நாளுக்குள் பள்ளி எழுத்துமூலம் பதில் தரட்டும். நான்காவது, புகார் பள்ளி நிர்வாகத்தைப் பற்றியதாக இருந்தால் அது நேரே மாவட்டக் கல்வி அலுவலகத்திற்குப் போகட்டும். புகார் செய்தவரின் பெயர் வெளிவராமல் காக்கப்படட்டும்.

இவை வரும் வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. குறையைச் சொல்லும்போது நாள், பாடவேளை, நடந்தது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள். வாயால் மட்டும் சொல்லாமல் கடிதமாகக் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளைத் தாக்காமல் நடந்ததை மட்டும் எழுதுங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எட்டு ஆண்டுகள் அழுத பிறகு கிடைக்கும் பால், பிள்ளைப் பருவத்திற்கு உதவாது. இன்று நான்காம் படிவத்தில் இருப்பவருக்குப் பதில் இந்த ஆண்டுக்குள் கிடைக்க வேண்டும்.